முதல் பேஸ் கிட்டாரா? கடைக்குப் போறப்ப மூணு பழைய ஏடிஎம் கார்டு எடுத்துட்டுப் போங்க

பாளையங்கோட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். வீட்ல லேப்டாப்ல பாட்டு ரெக்கார்ட் பண்றார், இப்பதான் பேஸ் கத்துக்கப் போறார், கைல 25,000 ரூபா இருக்கு. கடைல அஞ்சு ஸ்ட்ரிங் ஆக்டிவ் (பேட்டரி போட்ட) பேஸும் ஒரு சின்ன ஆம்ப்பும் (சத்தம் கூட்டுற ஸ்பீக்கர் பெட்டி) சேத்து காம்போவா எடுத்துக்கோங்கன்னு சொல்றாங்களாம், எடுக்கலாமான்னு கேக்குறார்.

வேண்டாம் தம்பி. ரெக்கார்டிங்குக்கு ஆம்ப் தேவையே இல்ல. அந்தக் காசுல ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்கு ஏத்துற பெட்டி) வாங்குங்க, பேஸை நேரா அதுல செருகி, இன்ஸ்ட்ருமெண்ட்னு போட்ட பட்டனை அமுக்குங்க, அவ்ளோதான். லேப்டாப்போட மைக் ஓட்டைல ஒயர் மாட்டி எடுக்காதீங்க, சத்தம் மங்கி இரைச்சலோட வரும். கேக்குறதுக்கு ஹெட்போன் போடுங்க. பேஸோட தடிச்ச ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ்ல அதிருது, லேப்டாப் ஸ்பீக்கர்ல அது வரவே வராது, நீங்க பேஸ் சரியில்லன்னு நினைச்சு கவலைப்படுவீங்க.

எந்த பேஸ்னா, நாலு ஸ்ட்ரிங், பேட்டரி போடாத பாசிவ், பி டைப் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்றதை கரண்ட் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்). ஃபெண்டர் கம்பெனி 1951ல பிரிசிஷன் பேஸ் கொண்டு வந்தாங்க, அந்தப் பேர்ல இருக்கற பிதான் இது, 1957ல அதோட பிக்கப்பை ரெண்டு துண்டா பிரிச்சு வச்சாங்க. அப்படி பிரிச்சதால ரெண்டு துண்டும் வாங்குற இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். நம்ம வீட்ல டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர்னு எல்லாமே ‘ம்ம்ம்’னு கத்துற இடத்துல இது பெரிய விஷயம். யமஹா, ஐபனேஸ், கோர்ட், ஸ்குயர் எல்லாருமே குறைஞ்ச விலைல பேஸ் போடுறாங்க, பேரைப் பாத்து மயங்க வேண்டாம், கைல எடுத்த அந்த ஒரு பீஸ் எப்படி இருக்குன்னு பாருங்க.

இதைத்தான் நான் தொண்டை கிழிய சொல்லிட்டிருக்கேன். டப்பால வந்ததை அப்படியே தூக்கிக் கொடுக்குறாங்க, செட்டப் (ஸ்ட்ரிங் உயரத்தைச் சரி பண்றது) பண்ணித் தர்றதில்ல, சில இடத்துல ப்ளக் பண்ணி வாசிச்சுப் பாக்கக்கூட விடமாட்டாங்க, செருப்புக் கடைலயே போட்டு நடந்து பாக்க விடுறாங்களே! போன மாசம் ஒரு காலேஜ் பையன் புது பேஸ் கொண்டு வந்தான், 12வது ப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்ச கம்பி) ஸ்ட்ரிங்குக்கு அடியில என் சுண்டு விரல் நுனி நுழையுது. அவன் ரெண்டு மாசமா விரல் வீங்கி, தனக்கு மியூசிக் வராதுன்னு முடிவே பண்ணிட்டான். வாங்கிக் கொடுத்தது அவனோட கிளாஸ் மாஸ்டர், கடைல அவருக்குக் கமிஷன். கத்துக் கொடுக்குறவர் கூட்டிட்டுப் போற கடைல மட்டும் வாங்காதீங்க.

எழுத்து புடைக்காத பழைய ஏடிஎம் கார்டு மூணை அடுக்கினா ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். 12வது ப்ரெட்ல தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு அடியில அது லேசா உரசிட்டு நுழைஞ்சா நல்லது. இன்னும் ரெண்டு கார்டு தாராளமா போகுதுன்னா செட்டப் பண்ணித் தரச் சொல்லுங்க, முடியாதுன்னா கிளம்பிடுங்க. அப்புறம் ஒவ்வொரு ப்ரெட்டா அழுத்தி வாசிங்க, எங்கயாவது ‘ர்ர்’னு அடிச்சா அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்க. ஆன்லைன்ல செகண்ட் ஹாண்ட் பாத்துட்டு, டோக்கன் அட்வான்ஸ் போடுங்கன்னு எவனாவது சொன்னா போடவே போடாதீங்க. தலைல ஃபெண்டர்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்த சாதா பேஸை நானே பல தடவை பாத்துட்டேன்.

அஞ்சு ஸ்ட்ரிங் ஒரே ஒரு ஆளுக்குத் தேவைப்படும், அதைச் சொல்லியே ஆகணும். சர்ச்லயோ லைட் மியூசிக்லயோ வாசிக்கிறவங்க. பாடுறவங்க திடீர்னு ‘ரெண்டரை கட்டைல எடு’ம்பாங்க, அடுத்த பாட்டு ரெண்டு கட்டை. சுருதி ரெண்டரை கட்டைன்னா டி ஷார்ப், ரெண்டு கட்டைன்னா டி. நாலு ஸ்ட்ரிங்ல அடில இருக்கறது ஈ, அந்த ரெண்டும் அதுக்குக் கீழ போயிடும், மேல ஏறி வாசிச்சா பாட்டுக்கு அடித்தளமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரே பாட்டுன்னா தடிச்ச ஸ்ட்ரிங்கை டிக்கு இறக்கிக்கலாம், பாட்டுக்குப் பாட்டு இறக்கி ஏத்திட்டிருக்க முடியாது. ஆனா விலை குறைஞ்ச அஞ்சு ஸ்ட்ரிங்ல ஈக்கும் கீழ வர்ற அந்த பி ஸ்ட்ரிங் தொளதொளன்னு இருக்கும். அதுல அஞ்சாவது ப்ரெட்டை அழுத்தி அடிங்க, பக்கத்துல ஈ ஸ்ட்ரிங்கை சும்மா அடிங்க. ரெண்டும் ஒரே ஸ்வரம். முதல்ல அடிச்சது தலகாணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா அந்த பீஸ் வேண்டாம். நீங்க வீட்ல தனியா ரெக்கார்ட் பண்றவர், ஸ்கேலை நீங்களே முடிவு பண்றீங்க, அதனால உங்களுக்கு நாலு போதும்.

வாங்கிட்டு வந்து முதல் டேக் எடுக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழட்டி வச்சு எடுங்க. எர்த் சரியில்லாத வீட்ல பாதி இரைச்சல் அதுலதான் வருது.