வாசகர் கேள்வி-பதில்: புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

கேள்வி: தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் இறுதியாண்டு ரிப்போர்ட்டுகளைத் திருத்துகிறோம். ஒரே ரிப்போர்ட்டுக்கு 20-க்கு ஒருவர் 17 போடுகிறார், இன்னொருவர் 11. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: 'எழுத்து: 20' என்று ஒரே கட்டமாக வைத்திருப்பதுதான் காரணம். ஒருவர் எழுத்துப்பிழைக்குக் குறைப்பார். மற்றவர் சர்க்யூட் நன்றாக வேலை செய்தது என்று ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து அள்ளிப் போடுவார். ஒழுங்கு, படம்-அட்டவணை, சான்று, மொழி என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலை வையுங்கள். ஐந்து நிலை வைத்தால் பலரும் நடுவில் ஒதுங்கிவிடுவார்கள்.

'நன்று', 'மிக நன்று' என்ற சொற்கள் உதவாது. கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். உதாரணமாக, வரைபடத்துக்கு:
1: அச்சுகளில் பெயரோ அலகோ இல்லை.
2: இரண்டும் உண்டு, உரையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.
3: படம் காட்டுவதை உரை விளக்குகிறது.
4: அளவீட்டுப் பிழை எவ்வளவு, அதனால் முடிவு மாறுமா என்பதும் இருக்கிறது.

திருத்தத் தொடங்குமுன் பெயர் மறைத்த மூன்று பழைய ரிப்போர்ட்டுகளுக்கு எல்லோரும் தனித்தனியே நிலை போடுங்கள். ஒரு நிலைக்கு மேல் வேறுபட்டால் அந்த விளக்க வரிதான் தெளிவாக இல்லை, அதை மாற்றுங்கள். 'நூற்றுக்கு எண்பது ஒத்துப்போகிறது' என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். எல்லோருமே 3 போட்டுக்கொண்டிருந்தால் தற்செயலாகவே அவ்வளவு ஒத்துப்போகும். அதைக் கழித்துக் காட்டத்தான் 1960-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் தந்த கப்பா அளவு இருக்கிறது.

கேள்வி: மேற்கோள் பட்டியல் நீளமாக இருந்தால் ஆராய்ச்சித் திறன் இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. பொறியியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கான அபெட் (ABET, அமெரிக்காவைச் சேர்ந்த அங்கீகார அமைப்பு) அங்கீகார விதி, எழுத்து, பேச்சு, வரைபடத் தொடர்பையும், பொருத்தமான தொழில்நுட்ப நூல்களைக் கண்டறிந்து பயன்படுத்துவதையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது. நீங்களும் ஒரே மார்க்காகப் போட்டால், பேச்சு நன்றாக இருப்பவரின் தேடல் குறை வெளியே தெரியாது. தனியாகப் போடுங்கள்.

பட்டியலில் ஐந்து மேற்கோள்களைக் குலுக்கி எடுங்கள். அப்படியொரு கட்டுரை இருக்கிறதா? டிஓஐ எண்ணை (DOI, ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள இணைய அடையாள எண்) போட்டுப் பாருங்கள். ஏஐ கருவிகள் இல்லாத கட்டுரைகளையும் உண்டாக்கித் தருகின்றன. அடுத்து, மாணவர் சொன்னதைத்தான் அது சொல்கிறதா? சுருக்கத்தை மட்டும் படித்தவர்கள் சிக்குவது இங்கேதான்.

தேடல் குறிப்பேடும் கேளுங்கள்: தேதி, தரவுத்தளம், தேடிய சொற்கள், ஒதுக்கியவை, ஒதுக்கிய காரணம். நிஜமாகத் தேடியவரின் சொற்கள் போகப்போகக் கூர்மையாகும். முதல் நாள் போட்ட சொல்லே கடைசி வரை இருந்தால், குறிப்பேடு பிறகு உட்கார்ந்து எழுதப்பட்டிருக்கலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து பேசும் பிரசன்டேஷனில் தனி மார்க்?

பதில்: ஒவ்வொருவரிடமும் அவர் பேசாத பகுதியிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலுக்குத் தனி மார்க், ஸ்லைடுகளுக்குக் குழு மார்க்.