வேலை முடிந்து திரும்பும் வழியில் விபத்து: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதச் சம்பளம் 18,000 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். சென்ற மாதம் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு பைக்கில் வீடு திரும்பும்போது, பல்லடம் சாலையில் ஒரு சரக்கு வேன் மோதியது. வலது காலில் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ‘கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுங்கள், இ.எஸ்.ஐ. பணம் சீக்கிரம் வந்துவிடும்’ என்கிறார் மேலாளர். ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், சென்னையில் வழக்குப் போட்டு 10 லட்சம் வாங்கித் தருகிறேன், 30 சதவீதம் எனக்கு என்று சொல்லிச் சில தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார். கணவர் அன்று ஹெல்மெட் போடவில்லை. வழியில் மருந்துக் கடையில் நின்று தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கியிருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பாதகமாகுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, மேலாளர் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த மனிதர் நீட்டும் தாளிலும் போடாதீர்கள். உங்கள் கணவருக்கு இரண்டு இடங்களில் உரிமை இருக்கிறது. ஒன்று இ.எஸ்.ஐ.; மற்றொன்று அந்த வேனின் காப்பீட்டு நிறுவனம். ஒன்றை வாங்கினால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இ.எஸ்.ஐ. வாங்கியவர் அதே காயத்துக்குத் தன் முதலாளியிடம் மறுபடி இழப்பீடு கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். வேன்காரர் உங்கள் கணவரின் முதலாளி இல்லையே!

‘கேட்டைத் தாண்டினால் பொறுப்பில்லை’ என்பது ஒரு காலத்தில் எடுபட்ட வாதம். 1971இல் கேரளத்தில் சைக்கிளில் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரியில் அடிபட்டார். அது வேலையால் வந்த காயம் அல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கால் நூற்றாண்டு அலைந்து அவர் பெற்றது அதுதான். பிறகு 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 51இ பிரிவு வந்தது. இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளர்களுக்கும் இதே பொருள்தான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாலை மூன்று மணி ஷிஃப்டுக்குப் போகும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் குடும்பம் தொடர்ந்த வழக்கு அது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் கம்பெனி அலுவலகங்களில் 1996லேயே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

மேலாளர் சொல்லும் ‘சீக்கிரம் வரும்’ பணம் எது என்று பாருங்கள். வீட்டில் விழுந்தது என்று எழுதினால் அது நோய்க்கால உதவி. சம்பளத்தில் 70 சதவீதம், அதிலும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். வேலை விபத்து என்று பதிவானால் 90 சதவீதம். வேலைக்குத் திரும்ப முடியாது என்று இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தரும் காலம் முழுவதும் வரும். உங்கள் கணக்கில் ஏறத்தாழ மாதம் 12,600 ரூபாய்க்கும் 16,200 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். பிளேட் வைத்த கால் பழையபடி மடங்காமல் போனால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு மதிப்பிடும்; அதன்படி இ.எஸ்.ஐ. ஆயுள் முழுக்க மாதத்தொகை தரும். வீட்டில் விழுந்தவருக்கு அந்தத் தொகை இல்லை. அதைவிட மோசம், அந்த ஒரு வரி நாளை வேன் வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குப் போகும். ‘வீட்டில் விழுந்தவருக்கு வேன் எப்படி மோதியது?’ என்று கேட்பார்.

கம்பெனி படிவம் 12இல் விபத்து அறிக்கை தர வேண்டும். மறுத்தால் நடந்ததை ஒரு தாளில் எழுதி, கணவரின் காப்பீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நீங்களே அனுப்புங்கள்.

மருந்துக் கடை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் பலர் பயந்து பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. வழக்கமாக வரும் வழியில், ஐந்து பத்து நிமிடம் நின்று மாத்திரை வாங்கினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடாது. வேலை முடிந்து நேர் எதிர்த் திசையில் அவிநாசியில் உறவினர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் பேசியிருந்து, நள்ளிரவில் திரும்பும்போது அடிபட்டால் நிலைமை வேறு. உடன் வேலை செய்பவரை இறக்கிவிட இரண்டு தெரு சுற்றினால் வாதாட இடமுண்டு. ஆகவே மருந்துக் கடையை மறைக்காதீர்கள். ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். அதில் அச்சாகியிருக்கும் நேரம் உங்களுக்குச் சாட்சி.

நேரம் என்றதும் நான் உண்மையில் அஞ்சுவது மருந்துக் கடையை அல்ல, ‘ஒன்றரை ஷிஃப்ட்’டை. கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு கூலி தரச் சட்டம் சொல்வதால், அந்த அரை ஷிஃப்டைப் பதிவேட்டில் காட்டாத கம்பெனிகள் ஏராளம். பதிவேட்டில் மாலை ஐந்தரைக்கு வெளியேறியதாக இருக்கும். விபத்து ஒன்பது மணிக்கு. இடையில் மூன்றரை மணி நேரம் எங்கே போனார் என்று கேட்பார்கள். வாரச் சம்பளக் கணக்கெழுதும் நோட்டு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அன்று உடன் நின்று வேலை பார்த்தவரின் பெயர் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தொழிலாளி வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்.

இனி அந்த ஆஸ்பத்திரி மனிதர். எலும்பு முறிவு வார்டுகளில் இவர்கள் கட்டிலுக்குக் கட்டில் நடப்பதை யாரும் தடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத கோபம். வழக்கின் வெற்றியைப் பொறுத்துச் சதவீதம் பேசுவது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிகளின்படி தடை செய்யப்பட்டது. வக்கீலே அல்லாதவர் எப்படிப் பேசலாம்? வக்கீலை நியமிக்கும் தாளான வக்காலத்தை நிரப்பாமலே வெற்றாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் உங்கள் வக்கீல் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. சென்னைக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ மனுச் செய்யலாம். திருப்பூரிலேயே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. தூரத்தில் வழக்கு நடந்தால் நீங்கள் வந்து விசாரிக்க மாட்டீர்கள் என்பதுதான் அவருக்கு லாபம். ஊனச் சதவீதத்தைக் கூட்டிச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சொல்வார். பொய்ச் சான்று பிடிபட்டால் உண்மையான காயத்துக்கு வர வேண்டிய பணமும் போய்விடும்.

அவரிடம் ஏற்கெனவே ஏ.ஆர். நகலைக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டு நகல் அது. அதில் ‘சரக்கு வேன் மோதியதாகக் கூறப்படுகிறது’ என்று இருக்கிறதா, ‘பைக்கிலிருந்து தானாக விழுந்தார்’ என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கொண்டுவந்து சேர்த்தவர் பதற்றத்தில் சொன்னதை அப்படியே எழுதிவிடுவது உண்டு. அப்படித் தவறாக இருந்தால், கணவர் போலீசில் தரும் வாக்குமூலத்தில் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேன் எண்ணுடன் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘கேஸ் வேண்டாம், செலவைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வேன் ஓட்டுநர் சொன்னால் இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். வேனால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைத் தரப்போவது காப்பீட்டு நிறுவனம்.

போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. ஒழுங்காக நடந்தால் பாதிக்கப்பட்டவர் ஸ்டேஷன் வாசலில் நிற்கவே வேண்டியதில்லை. ஆனால் ஆவணங்களுக்காகக் குடும்பங்கள் இன்றும் நடையாய் நடக்கின்றன. அந்த அலைச்சலில்தான் புரோக்கர் பிழைக்கிறார். அதே ஏப்ரலில் மனுச் செய்ய ஆறு மாதக் கெடுவும் திரும்ப வந்தது. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. மீதி ஐந்தே மாதம்.

ஹெல்மெட் போடாதது தவறுதான், அபராதம் உண்டு. ஆனால் அடிபட்டது கால். தலைக்கவசம் இருந்திருந்தால் கால் முறிந்திருக்காது என்று யாரும் வாதிட முடியாது. கேட்டால் போடவில்லை என்றே சொல்லட்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால், திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். எந்த வக்கீலை வைத்தாலும் வழக்கு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு கணவரின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பாஸ்புக்கையோ, ஏ.டி.எம். அட்டையையோ, கையெழுத்திட்ட காசோலையையோ ‘ஃபைலுக்கு வேண்டும்’ என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.