காயலான் கடைச் சாமானை ஏன் வரைகிறார்கள்?

துருப்பிடித்த சாமானையும் மங்கிய சுவர் விளம்பரத்தையும் ஓர் ஓவியர் ஏன் வரைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பொருளின் மேல் காலம் விட்டுப்போன தடத்துக்காகத்தான்.

காசிமேட்டில் கிடக்கும் ஒரு பழைய படகு ஆணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும், தொட்டால் விரலில் செம்மண்போல ஒட்டும். கரிக்கோலால் அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அவ்வளவு நேரம் ஓர் ஆணியை நாம் வேறு எப்போது பார்க்கிறோம்?

சுவர் விளம்பரம் வேறு மாதிரி. வெயிலில் பெரும்பாலும் சிவப்பு முதலில் வெளுக்கும், நீலம் தங்கும். அப்புறம், மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் பழைய எழுத்து எட்டிப்பார்க்கும்.

இது புதிதும் அல்ல. 1913-லேயே பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் சைக்கிள் சக்கரத்தை ஸ்டூலில் பொருத்திக் கலையாக்கினார். நீங்களும் வரைய நினைத்தால், 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களிலிருந்து தொடங்கலாம்.