பயத்தையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள்: விமானப் பயம், கேள்வி பதில்

18 வருடம் கேபின் க்ரூவாகப் பறந்தேன். அப்புறம் உளவியல் படித்து, 9 வருடமாகப் பயம், பதற்றம் என்று வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். நீண்ட பயணத்துக்கு முன் பயம் கூடிக்கொண்டே போகிறது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு 46 வயது, சென்னை. முன்பெல்லாம் ஜன்னல் சீட் கேட்டு வாங்கிப் பறப்பேன். நாலைந்து வருடமாக விமானம் என்றாலே வயிறு கலங்குகிறது. போன வருடம் டெல்லி டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு ரயிலில் போனேன். இப்போது மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு தோஹா வழியாக டாலஸ் போக வேண்டும். இன்னும் 23 நாள்தான். ராத்திரி 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வயது ஆக ஆகப் பயம் குறையத்தானே வேண்டும்?

பதில்: குறைய வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போல இளமையில் ஜாலியாகப் பறந்தவர்கள்தான். பிள்ளை பிறந்த பிறகு, வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு, வேலை நெருக்கடி மிகுந்த ஒரு வருடத்துக்குப் பிறகு பயம் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

ஆனால் தொடங்கிய பயம் ஏன் வளர்கிறது என்பதுதான் முக்கியம். டெல்லி டிக்கெட்டைக் கேன்சல் செய்த அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அப்பாடா என்று இருந்திருக்கும். அந்த 'அப்பாடா'வைத்தான் மூளை பாடமாக எடுத்துக்கொள்கிறது. "தப்பித்தோம், அதனால்தான் உயிரோடு இருக்கிறோம்" என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சத்தமாக எச்சரிக்கும். வானிலை ஆப்பைப் பார்ப்பது, அந்த விமானத்துக்கு எத்தனை வயது என்று தேடுவது, கணவரிடம் "ஒன்றும் ஆகாதே?" என்று தினம் கேட்பது எல்லாமே குட்டிக் குட்டிக் கேன்சல்கள்தான். பத்து நிமிடம் நிம்மதி தரும், மறுபடி அரிக்கும்.

23 நாள் போதும். ஒரு நோட்டு எடுத்து, உங்களைப் பயமுறுத்துவதையெல்லாம் சின்னதிலிருந்து பெரியது வரை எழுதுங்கள். பெட்டியை எடுத்து வெளியே வைப்பது, விமானச் சத்தத்தைக் கேட்பது, டேக்-ஆஃப் வீடியோவைக் கேபினுக்குள்ளிருந்து எடுத்த கோணத்தில் பார்ப்பது, மீனம்பாக்கத்தில் நின்று விமானம் இறங்குவதைப் பார்ப்பது என்று போகட்டும். தினம் ஒன்று செய்யுங்கள். நெஞ்சு படபடக்கும்போது நிறுத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். படபடப்பு தானாக இறங்கும் வரை அதிலேயே இருங்கள். 20 நிமிடம் ஆகலாம், 40 ஆகலாம். பணம் இடம் கொடுத்தால் இரண்டாவது வாரத்தில் கோவைக்கோ மதுரைக்கோ ஒரு மணி நேர விமானத்தில் போய்வாருங்கள். அந்த ஒரு போக்குவரத்து, நான் சொல்லும் பத்து வார்த்தைகளைவிட அதிகம் வேலை செய்யும்.

பயம் போன பிறகு ஏறலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடு ஏறுங்கள். அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரட்டும்.

கேள்வி: அகமதாபாத் விபத்துக்குப் பிறகுதான் எனக்கு இப்படி ஆனது. விமானம் பாதுகாப்பானது என்று சொல்லாதீர்கள், நம்ப முடியவில்லை.

பதில்: 2025 ஜூன் 12. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் போய்விட்டார்கள், தரையிலும் உயிர்கள் போயின. அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று கேபின் க்ரூவாக இருக்கிறார்கள். அதனால் உங்கள் பயத்தை அபத்தம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த விபத்து வீடியோவை எத்தனை முறை பார்த்தீர்கள்? ஒருவர் என்னிடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு "நூறு இருக்கும்" என்றார். மூளைக்கு அது ஒரு விபத்து இல்லை, நூறு விபத்து. அந்த நாளில் பத்திரமாக இறங்கிய ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு வீடியோ இல்லை.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல வருடமாக இதைக் கணக்கிட்டு வருகிறார். உலக அளவில் 2018 முதல் 2022 வரை, பயணிகள் 1 கோடியே 37 லட்சம் முறை ஏறியதற்கு ஒரு மரணம். 1968-77 காலத்தில் அது மூன்றரை லட்சத்துக்கு ஒன்றாக இருந்தது. நம் நாட்டுச் சாலைகளில் 2022ல் மட்டும் இறந்தவர்கள் 1,68,491 பேர். எண்ணைப் படித்ததும் பயம் போய்விடாது, எனக்குத் தெரியும். பயம் நெஞ்சில் இருக்கிறது, எண் தலையில் இருக்கிறது. இருந்தாலும் தலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவை இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு விபத்துப் பயம் இல்லை, டர்புலன்ஸ்தான். குலுங்க ஆரம்பித்ததும் விமானம் கீழே விழுவது போலவே இருக்கிறது. 2024ல் லண்டன்-சிங்கப்பூர் விமானத்தில் ஒருவர் இறந்தாரே?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பயம் இங்கேதான் இருக்கிறது.

காற்றை வெற்றிடமாக நினைக்கிறோம். அது தண்ணீர் மாதிரி. காவிரியில் பாறை இருக்கும் இடத்தில் தண்ணீர் சுழன்று போகிறதல்லவா? மலைக்கு மேலே, வெயிலில் சுட்ட தரைக்கு மேலே, பெரிய மேகங்களுக்குப் பக்கத்தில் காற்றும் அப்படிச் சுழல்கிறது. அதில் மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குலுங்கும். நாம் 'ஏர் பாக்கெட்' என்று சொல்கிறோமே, காற்றே இல்லாத பள்ளம், அப்படி ஒன்று கிடையாது. பல நூறு அடி விழுந்தது போல நமக்குத் தோன்றும் நேரத்தில், பெரும்பாலும் உயரம் சில பத்து அடிதான் மாறியிருக்கும்.

இறக்கை ஒடிந்துவிடுமோ என்று கேட்பார்கள். இறக்கை வளைவதற்காகவே செய்யப்பட்டது. பறக்கும்போது வரக்கூடும் என்று கணக்கிட்ட அதிகபட்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்ட வேண்டும் என்பது விதி. போயிங் 777ன் இறக்கையை 1995ல் வேண்டுமென்றே ஒடியும் வரை வளைத்துச் சோதித்தார்கள். அந்த அதிகபட்சச் சுமையின் 154 சதவீதத்தில்தான் ஒடிந்தது.

நான் பயணிகளுக்குச் செய்து காட்டும் ஒரு விஷயம் உண்டு. ஒரு பிளாஸ்டிக் கப்பில் பாதி தண்ணீர் ஊற்றி டிரேயில் வையுங்கள். குலுக்கல் வரும்போது வயிற்றைக் கவனிக்காமல் கப்பைப் பாருங்கள். ஒரு முறை வங்கக் கடலுக்கு மேலே நல்ல குலுக்கல். ஓர் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பைக் காட்டினேன். தண்ணீர் விளிம்பைக்கூடத் தொடவில்லை, வட்ட வட்டமாக அலை மட்டும் ஓடியது. "இவ்வளவுதானா?" என்றார். கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது.

2024 மே மாதச் சம்பவம் உண்மைதான். ஒருவர் இறந்தார், பலருக்கு அடி. விமானம் பத்திரமாக பாங்காக்கில் இறங்கியது. அது போன்ற குலுக்கலில் பெரும்பாலும் அடிபடுவது பெல்ட் போடாதவர்களும் நடந்துகொண்டிருந்தவர்களும்தான். அதனால் 'பெல்ட் போடுங்கள்' விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால் தூங்கும்போது யாரும் எழுப்பிக் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: எந்த சீட் நல்லது?

பதில்: இறக்கைக்கு நேராக. குலுக்கல் அங்கே குறைவு, வால் பக்கம் அதிகம். உள்நாட்டுப் பயணம் என்றால் காலை முதல் விமானம். தரை சூடாகும் முன் காற்று அமைதியாக இருக்கும்.

கேள்வி: டேக்-ஆஃப் ஆகி ஒரு நிமிடத்தில் இன்ஜின் சத்தம் குறைகிறது, விமானம் தொய்கிறது. ஒவ்வொரு முறையும் "முடிந்தது" என்று நினைக்கிறேன்.

பதில்: முடிந்தது டேக்-ஆஃப்தான். தரையிலிருந்து எழும்ப அதிக சக்தி வேண்டும். சுமார் 1,000, 1,500 அடி போனதும் பைலட் அதை ஏறுவதற்குரிய அளவுக்குக் குறைக்கிறார். ஏற்றம் கொஞ்சம் மென்மையாவதை உள்காது 'கீழே போகிறோம்' என்று தப்பாகச் சொல்கிறது. விமானம் அப்போதும் மேலேதான் போய்க்கொண்டிருக்கும். அதற்குச் சற்று முன் காலுக்கடியில் 'தடக்' என்றால் சக்கரம் உள்ளே போகிறது. 'ர்ர்ர்' என்று இழுத்தால் இறக்கையின் பின்பக்க மடிப்புகளை உள்ளே இழுக்கிறார்கள். இரவில் ஏறும்போதும் இறங்கும்போதும் விளக்கை மங்கலாக்குவது, அவசரம் என்றால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. இறங்கப் போய் மறுபடி மேலே ஏறினால் அது பயிற்சியில் பலமுறை செய்த சாதாரண வேலை.

கேள்வி: பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரஸோலம் மாத்திரையை டாக்டர் எழுதித் தருவாரா? போட்டுக்கொண்டு தூங்கிவிடலாமா? துபாய் வழியாகப் போகிறேன்.

பதில்: நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. முடிவு உங்கள் டாக்டருடையது. அவரிடம் பேசும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும்.

1997ல் ஓர் ஆய்வு வந்தது. பறக்கப் பயப்படும் 28 பெண்களை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை பறக்க வைத்தார்கள். முதல் முறை பாதிப் பேருக்கு அல்பிரஸோலம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. அன்று மருந்து எடுத்தவர்கள் அமைதியாக இருந்தார்கள். மருந்து இல்லாமல் பறந்த இரண்டாவது முறையில் அவர்களுக்குத்தான் மற்றவர்களைவிடப் பயம் அதிகம். மாத்திரை காப்பாற்றியது என்று மூளை குறித்துக்கொண்டது, கேன்சல் செய்த டிக்கெட் மாதிரியே. போகும்போது சரி, திரும்பி வரும்போது என்ன செய்வீர்கள்?

14, 15 மணி நேரம் அசையாமல் மயங்கிக் கிடப்பது காலில் ரத்தம் உறைவதற்கும் வழி செய்யும். இந்த வகை மாத்திரைகளை அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும், மருந்துச் சீட்டு மட்டும் போதாது. ஏற்கெனவே தினமும் எடுக்கிறவர்கள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

கேள்வி: மாத்திரை வேண்டாம், இரண்டு பெக் போட்டால்?

பதில்: வேண்டாம். இறங்கும் நேரத்தில் பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மாத்திரையோடு சேர்த்து என்றால் மூச்சே நின்றுபோகலாம்.

கேள்வி: கதவை மூடியதும் மூச்சு முட்டுகிறது. நடுவானில் கத்திக் கதவைத் திறக்க ஓடிவிடுவேனோ என்று பயம்.

பதில்: 18 வருடத்தில் இந்தப் பயத்தைச் சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட ஓடவில்லை. இன்னொன்று, உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தமே கதவை அழுத்திப் பிடித்திருக்கும். மனித பலத்தால் திறக்க முடியாது.

காற்று குறைவதும் இல்லை. கேபின் காற்று இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மாறிவிடுகிறது. அழுத்தம் ஏறக்குறையக் கொடைக்கானலில் இருப்பது போல. கொடைக்கானலில் மூச்சு முட்டுமா உங்களுக்கு?

முட்டுவது போல் தோன்றக் காரணம், பயத்தில் வேக வேகமாக இழுப்பது. அதனால் கை மரத்து, தலை சுற்றும். இழுப்பதை விடுங்கள், வெளியே விடுவதைக் கவனியுங்கள். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவது போல ஆறு எண்ணும் வரை விடுங்கள். இன்றிலிருந்தே தினம் இரண்டு வேளை பழகுங்கள். விமானத்தில் போய் முதல் முறை செய்தால் கைகொடுக்காது. உச்சப் பதற்றம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். வாட்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். கொழும்பிலிருந்து ரொறன்ரோ போக வேணும். இரவிலே கடலுக்கு மேலே ரெண்டு இன்ஜினும் நிண்டால் என்ன செய்யிறது?

பதில்: தம்பி, ஒரு இன்ஜின் நின்றால் மற்றதோடு மணிக்கணக்கில் பறக்க முடியும். அப்படிப் போய்ச் சேரும் தூரத்தில் விமான நிலையம் இருக்கும்படிதான் பாதையே போடுகிறார்கள். இரண்டும் நிற்பது மிக மிக அரிது. அப்போதும் விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு போகும். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் மேலே எரிபொருள் கசிந்து ஓர் ஏர்பஸ் 330ன் இரண்டு இன்ஜினும் நின்றன. ரொறன்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம்தான். சுமார் 19 நிமிடம் சறுக்கிப் பறந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. இருந்த 306 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இந்தப் பயம். "ஒன்றும் ஆகாது, சும்மா இரு" என்றால் கோபப்படுகிறாள்.

பதில்: கோபம் வரத்தான் செய்யும். "பயமாக இருக்கிறதா? சரி, நான் இருக்கிறேன், மூச்சை விடு" என்று சொல்லிப் பாருங்கள். ஏறும்போது வாசலில் நிற்கும் க்ரூவிடம் "இவருக்குப் பறக்கப் பயம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குலுக்கல் வரும்போது நாங்கள் அந்த வரிசையைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்போம்.

கேள்வி: அம்மாவுக்கு 68. தங்கையின் பிரசவத்துக்கு முதல் தடவை தனியாக அமெரிக்கா போகிறார். வெளியே சொல்லவில்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

பதில்: முதல் தடவை போகும் அம்மாக்களுக்கு வானத்தைவிட விமான நிலையம்தான் பயம். எங்கே நிற்பது, என்ன கேட்பார்கள், கழிவறைக் கதவை எப்படித் திறப்பது என்பதுதான். வீல்சேர் உதவியை டிக்கெட்டிலேயே போட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவர்களும் கேட்கலாம், இடம் மாறும் நிலையத்தில் அவர்களே கேட் வரை கொண்டுபோய் விடுவார்கள். தங்கையின் முகவரி, போன் நம்பர், மருந்துப் பட்டியல் எல்லாம் ஒரே தாளில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் இரண்டு நாற்காலியைப் போட்டு ஒரு முறை ஒத்திகை பாருங்கள்: பெல்ட், டிரே, பெல் எங்கே, காது அடைத்தால் மிட்டாய். பேத்தியோ பேரனோ கூட உட்கார்ந்தால் அவரே சிரிப்பார்.

கேள்வி: இதற்கெல்லாம் யாரிடம் போவது? பைத்தியம் என்று நினைப்பார்களே.

பதில்: நினைக்க மாட்டார்கள். அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை (சிபிடி, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தருவது) தரும் உளவியலாளரைத் தேடுங்கள், இந்தப் பயத்துக்கு அது நன்றாகக் கேட்கும். பேச ஆள் வேண்டுமென்றால் இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ், எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: நீங்கள் பயந்ததுண்டா?

பதில்: உண்டு. வேலையில் சேர்ந்த 11வது வருடம், காபி டிராலியோடு நடுவழியில் நிற்கும்போது பெரிய குலுக்கல். தோள்பட்டை கூரையில் மோதியது. எட்டு வாரம் லீவு. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் சீருடையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தால் கை நடுங்கும். லீவை நீட்டிக்கொண்டே போனேன். நீட்ட நீட்ட நடுக்கம் கூடியது.

கடைசியில் ஒரு சீனியர் அக்கா டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தார். காலை விமானம், கோவைக்கு, பயணியாக. பதின்மூன்றாவது வரிசை, இறக்கைக்கு நேராக. வழி முழுக்கத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதி மூச்சு விட்டேன். பயம் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. இறங்கிப் பார்த்தால் உள்ளங்கையில் மூடியின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். பதினொன்றரை மணி விமானத்தில் திரும்பி வந்தேன். மறு வாரம் இன்னொரு டிக்கெட், இந்த முறை நானே எடுத்தேன்.