வீட்டில் பொழுதுபோக்காக வெல்டிங் பழக 8000 ரூபாய்க்குள் எந்த மிஷின் வாங்கலாம்?

இப்படி யாராவது கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: ‘தெருமுனையில் இருக்கும் வெல்டரைக் கூப்பிட்டால் ஐந்நூறு ரூபாயில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார், இதற்கு எதற்கு மிஷின்?’ உங்களுக்கு வேண்டியது ரிப்பேர் இல்லை, கைவேலை. அது எனக்குப் புரிகிறது. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவர். நான் ஆபீஸ் வேலைக்காரன். நாற்பது வயதுக்கு மேல் மொட்டை மாடியில் வெல்டிங் ராடு பிடித்துப் பழகினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தனி வீட்டில் இருக்கிறீர்கள், சிங்கிள் பேஸ் கனெக்‌ஷன், செய்ய நினைப்பது செடி ஸ்டாண்டு, பெஞ்சு, ஷெல்ஃப் மாதிரி சாமான்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாங்க வேண்டியது 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின், அதாவது ராடு முனையில் மின்பொறி (ஆர்க்) விட்டு இரும்பை உருக்குகிற சின்ன மிஷின். தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறலாம். பழைய காப்பர் சுற்றிய டிரான்ஸ்பார்மர் செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும், கரண்ட்டும் நிறைய இழுக்கும். கேஸ் இல்லாத மிக் மிஷின் (ராடுக்குப் பதில் கம்பிச் சுருள் ஓடுவது) மெல்லிய டியூபுக்கு நல்லதுதான், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் நல்லதாக வராது. டிக் என்கிற, ஆர்கான் கேஸோடு செய்யும் நுணுக்கமான வெல்டிங் இப்போதைக்கு வேண்டாம்.

ஆனால் 8000 ரூபாயையும் மிஷினிலேயே போட்டுவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

நான் வாங்கியதில் பெரிய எழுத்தில் 250 என்று போட்டிருந்தது. 200-ஐவிட 250 பெரிசு, பின்னால் உதவும் என்று நினைத்தேன். கூடவே ஒரு ஹோல்டர், எர்த் கிளாம்ப், கையில் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் முகக் கவசம் எல்லாம் இலவசம். மாடியில் பிளக் இல்லை. அதனால் கீழே ஹாலில் இருந்து ஜன்னல் வழியாக இருபது மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மாட்டினேன். அது டேபிள் ஃபேனுக்கும் சீரியல் லைட்டுக்கும் வாங்கியது.

ராடு பற்றவே இல்லை. தட்டினால் ஒரு பொறி வரும், உடனே இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஹோல்டரை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவேன், மேல்பூச்சு உதிர்ந்து வெறும் கம்பியாக வரும். ஒரு பாக்கெட் ராடு இப்படியே போயிற்று. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். தீக்குச்சி உரசுகிற மாதிரி உரசு என்றார்கள், உரசினேன். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே கதை. ஒரு வெல்டர் மகனுக்கு இதுகூட வரவில்லையே என்று நான் நொந்துபோனது எனக்குத்தான் தெரியும்.

அப்பா மாடிக்கு வரவே மாட்டார். நான் இந்த வேலையைத் தொடக் கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார், அதனால் அவருக்கு இதில் இஷ்டம் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் துணி எடுக்க வந்தவர் நின்று பார்த்தார். மிஷின் பக்கம் போகவே இல்லை. தரையில் சுருட்டிக் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரைக் குனிந்து தொட்டார், கையை வெடுக்கென்று எடுத்தார். ‘கையில ஒண்ணும் குத்தம் இல்லடா. வயரைத் தொட்டுப் பாரு.’ தொட்டேன். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. மேல் ரப்பர் இளகி, ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். ஹால் பிளக்கில் 224 வோல்ட். நான் ராடைத் தட்டுகிற நேரத்தில் வயரின் மறுமுனையில் 181. அந்த வயரைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். அந்த வயரிலேயே வோல்டேஜ் போய்விட்டது, ராடு பற்ற மிச்சம் இல்லை. மிஷினோடு வந்த ஹோல்டர் கேபிளும் அதே ஜாதிதான்.

கணக்கை ஒரு தடவை பாருங்கள். 2.5 எம்எம் ராடு, அதாவது கடையில் 12 கேஜ் என்று கேட்கிற ராடு, 60 முதல் 90 ஆம்பியரில் ஓடும். 80 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் 23-க்குப் பக்கம் இருக்கும். அதற்கே வீட்டு லைனிலிருந்து சுமார் 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். ஏசிக்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக்கின் எல்லையை இதுவே தொட்டுவிடுகிறது. நிஜமாகவே 200 ஆம்பியர் எடுக்க வேண்டுமென்றால் வீட்டு லைனிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் வேண்டும். எந்த வீட்டு பிளக்கிலும் அது வராது. அப்புறம் 250 என்று எழுதியிருந்தால் என்ன, 300 என்று எழுதியிருந்தால் என்ன? (பவர் ஃபேக்டர், மிஷினின் எஃபிஷியன்சியைப் பொறுத்து இது மாறும் என்று எலக்ட்ரிகல் படித்தவர்கள் சொல்வார்கள். தெரியும், அதனால்தான் சுமார் என்று எழுதினேன்.)

அதனால் கடையில் பெட்டியின் மேல் இருக்கிற நம்பரை விட்டுவிட்டு, மிஷின் பின்னால் ஒட்டியிருக்கிற பிளேட்டைப் படியுங்கள். டியூட்டி சைக்கிள் என்று இருக்கும். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆற விட வேண்டும். இந்த பிளேட்டே இல்லாத மிஷினை வாங்காதீர்கள். உங்கள் ஏரியாவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் என்றால், எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்றும் கேளுங்கள். ஹாட் ஸ்டார்ட் (பற்றுகிற நேரத்தில் கரண்ட்டைக் கூட்டுவது), ஆன்டி ஸ்டிக் (ராடு ஒட்டினால் கரண்ட்டைக் குறைப்பது) இரண்டும் இருந்தால் புதிதாகப் பழகுகிறவருக்கு நல்லது. மிச்சப் பணத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடிக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த் போடச் சொல்லுங்கள். என் வீட்டில் அதைப் போட்ட அன்றைக்கு அதே மிஷின், அதே கை, முதல் தட்டிலேயே பற்றியது. அப்பா பக்கத்தில் நின்று ‘நீளமா இழுக்காத, ராடைக் கிட்ட வை’ என்றார். மேலே படிந்த கசடை, அதாவது ஸ்லாக்கைத் தட்டி எடுத்தபோது அடியில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் லைன். அந்த இரும்புப் பட்டைத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

கவசத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இலவசமாக வருகிற முகக் கவசத்தை எறிந்துவிட்டு, தானாக இருட்டாகிற ஹெல்மெட் வாங்குங்கள். இந்த ஆம்பியருக்கு 10-ம் நம்பர் ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) போதும். நான் சின்னப் பையனாக இருந்தபோது சில ராத்திரிகளில் அப்பா கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ‘கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு’ என்பார். ஆர்க் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஆறு ஏழு மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் ஆரம்பிக்கும். பக்கத்து மாடிப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைப் பற்றவைக்காதீர்கள். அந்தத் துத்தநாகப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர்ஜுரம் வரும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, அப்பா என்ன வேலை என்று கேட்டவர்களிடம் உறவுக்காரர்கள் ‘கம்பெனியில் சூப்பர்வைசர்’ என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. இது திருச்சியில் நடந்தது. பெல் (BHEL) கம்பெனி கொதிகலன் செய்கிற ஊர், 1975-லேயே வெல்டிங்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர். கொதிகலன் குழாயில் போடுகிற ஜாயிண்ட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், ஏற்க முடியாத குறை இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். அந்த மாதிரி வேலை தெரிந்த மனிதரை வெல்டர் என்று சொல்ல வெட்கப்பட்டார்கள். இன்றைக்கும் ஐடிஐ-யில் வெல்டர் டிரேடு எடுத்த பையனிடம் ‘மார்க் வரலையா?’ என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

சரி, எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். நான் யாருக்கும் விளம்பரம் செய்ய வரவில்லை. உங்கள் ஊரிலேயே சர்வீஸ் செய்யக்கூடிய, போர்டு மாற்றித் தரக்கூடிய கடை எந்த கம்பெனிக்கு இருக்கிறதோ அதை வாங்குங்கள். ராடு மட்டும் ஆடோர், ஈசாப், டி அண்ட் எச் மாதிரி பெயர் தெரிந்ததாக, 6013 என்று கேட்டு வாங்குங்கள். முதல் பாக்கெட் முழுவதையும் 5 எம்எம் பட்டையில் லைன் போட்டே தீர்த்துவிடுங்கள். மெல்லிய 18 கேஜ் டியூபைத் தொட்டால் ஓட்டை ஓட்டையாக விழும், மனசு விட்டுப் போகும். பாக்கெட்டைப் பிரித்த பிறகு மிச்ச ராடை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் படபடவென்று தெறிக்கும். மாடிக்கு வயர் போட்ட பிறகும் ஒட்டினால் ஆம்பியரைப் பத்து கூட்டிப் பாருங்கள்.