வெட்டிய மாங்கொப்புக்கு மருந்து அடிக்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வளவில் நிற்கும் பழைய கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஒரு பெரிய கொப்பு காற்றுக்கு முறிந்துவிட, மிச்சத்தை வாளால் அரிந்திருக்கிறார்கள். வெட்டுவாய் சாப்பாட்டுக் கோப்பை அளவு. "காலோஸ் ஊறினால்தான் காயம் ஆறும். இதை மூன்று தடவை அடித்தால் காலோஸ் கூடும்" என்று ஒருவர் வீடு தேடி வந்து, ஒரு போத்தலுக்குப் பெருந்தொகை கேட்கிறாராம். வாங்கலாமா?

வாங்க வேண்டாம் அம்மா.

காலோஸ் என்று ஒரு பொருள் உண்மையாகவே உண்டு. அதனால்தான் அவருடைய பேச்சு எடுபடுகிறது. அந்தப் பெயரை 1890இல் வைத்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லூயி மாங்கின். அது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை மாதிரி. பஞ்சில் இருக்கும் செலுலோசும் அதே மணிகள்தான், கோத்த விதம் வேறு. செலுலோஸ் கலத்தின் நிரந்தரச் சுவர். காலோஸ் அவசரத்துக்கு வைக்கும் அடைப்பு, தேவை தீர்ந்தால் செடியே அதைக் கரைத்துவிடும். காயம் பட்டதும் பக்கத்துக் கலங்களுக்குள் கல்சியம் பாய்கிறது. உடனே அங்குள்ள நொதியம் காலோஸைச் செய்யத் தொடங்கி, கலத்துக்குக் கலம் போகும் நுண்துளைகளைச் சில நிமிடங்களில் நெருக்கி அடைத்துவிடுகிறது.

சின்ன வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஊசியால் குத்தி, அனிலின் நீலச் சாயமிட்டுப் புறஊதா ஒளியில் பார்த்திருக்கிறேன். குத்திய இடத்தைச் சுற்றிச் சுவரோரமாக மஞ்சள் பொட்டுகள் மின்னும், அவைதான் காலோஸ். அதற்கு யாரும் மருந்து அடிக்கவில்லை. உயிருள்ள கலம் தனக்குள் இருக்கும் சீனியில் செய்துகொண்டது. உங்கள் மரமும் வாள் பட்ட அன்றே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. இனிமேல் போத்தலுக்கு அங்கே என்ன வேலை?

இன்னொரு குழப்பமும் உண்டு. மாதக்கணக்கில் பட்டை விளிம்பில் உதடு போலத் திரண்டு வருமே, அது கலஸ். அது கலங்கள் திரண்ட ஒரு இழையம், காலோஸ் அல்ல. பெயர் ஒத்திருப்பதை வைத்தே வியாபாரம் நடக்கிறது.

பெயின்ற், சீமெந்து எதுவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்று காட்டினார். மேலே பூசுவது உக்கலைத் தடுக்காது. சீமெந்து ஈரத்தைப் பிடித்துவைத்து அதை வளர்க்கவும் கூடும்.

தென்னைக்கு மட்டும் கதை வேறு, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மாமரத்தில் பட்டைக்குக் கீழே புதிதாக வளரும் படை ஒன்று இருக்கிறது. தென்னையிலும் பனையிலும் அது இல்லை. தண்டில் ஒருமுறை கொத்திய தழும்பு கடைசிவரை அப்படியே நிற்கும், உதடு கட்டி மூடாது. அதோடு, தென்னையின் பச்சைக் காயத்து மணத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போனால் மரமே போய்விடும். அதனால் தென்னங்காயத்துக்குத் தார் பூசுவது சரி. தார் காயத்தை ஆற்றுவதில்லை, வண்டை அண்டவிடாது, அவ்வளவுதான். "தென்னைக்குப் பூசினோமே, மாமரத்துக்கும் பூசினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதையெல்லாம் வீட்டு வாசலில் வந்து சொல்ல வேண்டியவர் விவசாயப் போதனாசிரியர். ஒருவர் தலையில் இத்தனை ஊரைக் கட்டிவிட்டால் அவர் எந்த வளவுக்கு வருவார்? அந்த இடைவெளியில்தான் போத்தல்காரர் நுழைகிறார். மின்கம்பிக்காகக் கொப்பு வெட்ட வருகிறவர்களுக்கும் எப்படி வெட்டுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பட்டையோடு கிழித்துவிட்டுப் போகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் கழுத்து மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், உதடு கட்டுவது அங்கிருந்துதான். அதைச் செதுக்கியிருந்தால் இனி ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள். அதற்கு வெளியே முழ நீளத்துக்குக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தால், மாரி மழைக்கு முன் வெயில் நாளொன்றில், கூரான வாளால் கழுத்தை ஒட்டி, அதைத் தொடாமல் அரியச் சொல்லுங்கள். தொங்கும் பட்டையைக் கத்தியால் சீவிவிடுங்கள்.