மாங்குளத்தில் குளம் எங்கே?

ஐயாவுக்கு வணக்கம். மாங்குளத்துக்கு அருகில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் கண்டிக்கும் சீகிரியாவுக்கும் சுற்றுலா போகிறார்கள். இம்முறை வன்னிக்குள்ளேயே ஒரு நாள் கூட்டிப்போக எண்ணம். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் இறந்த இடத்தில் நிற்கும் கற்சிலைமடுக் கல்லைத் தவிர இங்கே பார்க்க என்ன இருக்கிறது? பட்டியல் தருவீர்களா? அருங்காட்சியகம் ஏதும் உண்டா?

அன்புள்ள தம்பி,

அருங்காட்சியகம் வவுனியாவில் இருக்கிறது. பட்டியலுக்கு நான் தேவையில்லை. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், வற்றாப்பளை அம்மன், பூநகரிக் கோட்டை என்று பஸ் சாரதியே சொல்வார்.

'பண்டாரவன்னியன் இறந்த இடம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மனம் வரவில்லை. கல்லில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசித்தீர்களா? 1803 ஒக்டோபர் 31இல் இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அவ்வளவுதான். இறந்தான் என்று ஒரு சொல் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்தானே, அதற்கு எந்த வெள்ளைக்காரன் கல் நட்டான்? வாசிக்காமல் வணங்கிவிட்டு வருகிறோம். ஆசிரியரும் அப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வரும், வந்துவிட்டது.

போகட்டும். நீங்கள் இருப்பது மாங்குளம். அந்தக் குளம் எங்கே என்று எப்போதாவது யாரிடமாவது கேட்டீர்களா? வவுனியாவிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று நடத்துனர் கூவிக்கொண்டே வருகிறார். நாம் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்குவதற்காகக் காத்திருக்கிறோம்.

மகாவலி போல வற்றாத ஆறு நமக்கில்லை. மாரியில் மட்டும் ஓடுகிற ஆறுகள்தான். ஓடுகிற நீரைப் பள்ளம் கண்ட இடத்தில் பிறை வடிவில் கட்டுப் போட்டு மறித்தார்கள். அலை மண்ணைத் தின்னாதிருக்க, கட்டின் உட்பக்கமான அலைகரையில் கல் அடுக்கினார்கள். வயலுக்கு நீர் விடத் துருசு என்கிற மதகு. மிஞ்சியது வழிந்து வெளியேற வான் என்கிற கலிங்கு. மேற்குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளம் நிறையும். கனகராயன் ஆறு இப்படித்தான் வந்து இரணைமடுவில் சேர்கிறது. இரணைமடு 1920இல் முடிந்த வேலை. எந்த அரசன் பெயரும் ஒட்டாத சிறுகுளங்கள் அதற்கு எவ்வளவோ முந்தியவை. எந்தக் கட்டை எப்போது உயர்த்தினார்கள், துருசு திறக்கும் நாளை யார் தீர்மானித்தார்கள், கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாத ஆண்டில் யார் யாருடன் கதைக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் கிழவர்களின் வாயில் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

போர் முடிந்தபின் 2010இல் முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்டார்கள். வளவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடும் வேலியும் இல்லை. ஆள் உயரத்துக்குப் பற்றை. என் தம்பி பழைய காணி உறுதியை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். அம்மா ஒன்றும் பேசாமல் குளக்கட்டில் ஏறினார். துருசடியில் நின்று, தூர்ந்துபோன வாய்க்காலைப் பார்த்து விரலால் எண்ணினார். பிறகு இறங்கி, மூன்றாவது கிளை பிரியும் இடத்திலிருந்து நேரே நடந்தார். பற்றையை விலக்கியபோது எங்கள் அம்மி கிடந்தது, குழவி இல்லை. அம்மா குழவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான்தான் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது ஒரு நாள். ஒரே ஒரு குளத்துக்குப் போங்கள். சிறுபோகம் என்கிற கோடைப் பயிருக்குத் துருசு திறக்கும் நாளாகப் பார்த்து, ஒரு வயதான கமக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுங்கள். ஒலிவாங்கியை நீட்டிப் பயமுறுத்தாதீர்கள். மார்கழியில் வேண்டாம், கட்டு வழுக்கும். மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் ஒரு பிள்ளையையும் இறங்க விடாதீர்கள்.